குண்டூசி தண்ணீரில் குதித்த பிறகு

குண்டூசி கடைசியில் தண்ணீரில் குதித்துவிட்டான்.

அன்று மாலை தெருவில் யாருக்கும் வேலை ஓடவில்லை. தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வந்தவரிடம், "ஒரு நிமிஷம் பொறுங்க சார், குதிக்கப் போறான்" என்றார் கடைக்காரர். மாத்திரை கேட்டவரும் தலைவலியை மறந்து எட்டிப் பார்த்தார்.

குண்டூசி ஒரு கார்ட்டூன் நீர்யானைக் குட்டி. பெயர்தான் குண்டூசி. ஆள் பூசணிக்காய் மாதிரி இருப்பான். நீர்யானையாகப் பிறந்தும் அவனுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். இருபத்தொரு வருடங்களாக வாராவாரம் அவன் ஆற்றை நோக்கி ஓடி வருவான். கரைக்கு வந்ததும் நின்றுவிடுவான். ஒரே ஒரு கால்விரலை மட்டும் நனைத்துக்கொண்டு, "வந்துட்டேன்... கிட்டத்தட்ட!" என்பான். அதோடு அந்த வாரக் கதை முடியும்.

அந்த வரியைச் சொல்லாதவர்கள் ஊரில் இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் சொல்வார்கள். வீட்டுப் பாடத்தைப் பாதி முடித்தவர்கள் சொல்வார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

கடைசிக் கதையில் குண்டூசி கரையில் நிற்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு குதித்தான். "வந்துட்டேன்!" என்று கத்தினான். 'கிட்டத்தட்ட' இல்லை. தண்ணீர் வளையம் வளையமாக விரிந்தது. 'முற்றும்' என்று போட்டார்கள்.

சில்லு அழுதாள்.

சில்லுவுக்குப் பத்து வயது. ஒல்லியாகவும் துறுதுறுவென்றும் இருப்பதால் வீட்டில் அந்தப் பெயர். அவள் அழுததற்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. குண்டூசிக்கு இருபத்தொரு வருடமும் குரல் கொடுத்தவர் அவளுடைய அப்பா.

அப்பா நல்ல உயரம். அடர்ந்த மீசை. "யாரது?" என்று அவர் கேட்டால் கதவே பயந்து தானாகத் திறந்துகொள்ளும் போல இருக்கும். அந்தத் தொண்டையிலிருந்தா அவ்வளவு மெல்லிய கீச்சுக் குரல் வருகிறது என்று சில்லுவின் வகுப்பில் யாரும் நம்பியதே இல்லை.

இரண்டு நாள் கழித்து டைரக்டர் அத்தை போன் செய்தார். முதல் வாரத்திலிருந்து குண்டூசிக் கதைகளை எடுத்தவர் அவர்தான். அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ம்... ம்... சரி, ஞாயித்துக்கிழமை வந்துடறேன்" என்றார்.

"என்னவாம்பா?" என்று கேட்டாள் சில்லு.

"குண்டூசியை வச்சு சினிமா எடுக்கறாங்க. பெரிய சினிமா."

"ஹையா! அப்ப நீங்க மறுபடியும் குண்டூசியா பேசப் போறீங்க!"

அப்பா மீசையைத் தடவினார். "இல்லடா. புதுக் குரல் தேடறாங்க. சின்னப் பிள்ளைங்க யாராவது. நிறையப் பேர் வராங்களாம். யார் நல்லா பேசறாங்கன்னு நானும் கூட இருந்து பாத்துச் சொல்லணும்."

சில்லுவுக்குக் கோபம் பொங்கியது. "உங்களை நிறுத்திட்டு, புது ஆளையும் உங்களையே தேடச் சொல்றாங்களா? நீங்க சரின்னுட்டீங்களா?"

"ம்" என்றார் அப்பா. வெந்நீர் டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சில்லுவும் அப்பாவோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள். தவழ்ந்த காலத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்த இடம் அது. கனத்த கதவு. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. அது எரிந்தால் உள்ளே பதிவு நடக்கிறது என்று அர்த்தம். தும்மல் வந்தால்கூட வெளியே விழுங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே மைக் நிற்கும் இடத்தில் தரைவிரிப்பு தேய்ந்து நூல் தெரிந்தது. இருபத்தொரு வருடமாக அப்பா நின்ற இடம் அது.

நடையில் நீளமான பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். சுவரில் குண்டூசியின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. முதல் வருடத்துக் குண்டூசிக்குக் காது பெரிது, கால் குச்சி. வருடம் போகப் போக உருண்டு திரண்டு கடைசிப் படத்தில் சட்டத்தைவிட்டு வெளியே உருண்டு விழுவான் போல இருந்தான்.

பெஞ்சு நிறையப் பிள்ளைகள். கூடவே பெற்றோர்கள். சில்லுவுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பதும், ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவதும்.

"நீ குண்டூசி மாமாவோட பொண்ணா?" என்று கேட்டான் முதலில் உட்கார்ந்திருந்த பையன். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான். பதினோரு வயது இருக்கும்.

"ஆமா."

அவ்வளவுதான். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"அவர் எப்படிப் பேசுவார்? ஏதாவது சூட்சுமம் இருக்கா?" என்றான் கண்ணாடிப் பையன். "சொல்லேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்." இதை அவன் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னான்.

சில்லு அவனைப் பார்த்தாள். தேய்ந்த அந்தத் தரைவிரிப்பில் இவன் நிற்கப் போகிறான். இல்லாவிட்டால் இவனுக்கு அடுத்தவள். இல்லாவிட்டால் அதற்கும் அடுத்தவன். யாருமே சரியாகப் பேசாவிட்டால்? அப்போது அப்பாவைத்தானே கூப்பிட்டாக வேண்டும்?

"மூக்கை ரெண்டு விரலால பிடிச்சுக்குவார்" என்றாள் சில்லு. குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. "கெட்டியா. மூச்சே வெளிய வரக்கூடாது. அப்புறம் பேசுவார்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கண்ணாடிப் பையன் உள்ளே போனான். சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தான். அடுத்து ரெட்டைச் சடைப் பெண் போனாள். அதற்கு அடுத்து ஒரு குட்டிப் பையன். ஒவ்வொருவரும் வாசல்படி தாண்டும்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

இடையில் கதவு ஒருமுறை திறந்தபோது, ஒலிப்பதிவு செய்யும் சவுண்டு மாமாவின் குரல் கேட்டது. "ஏம்மா டைரக்டர், இந்த ஊர்ல மொத்தப் பிள்ளைங்களுக்கும் சளி பிடிச்சிருக்கா? இல்ல என் மைக்குக்குப் பிடிச்சிருக்கா?"

"ஏன் எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கறாங்கன்னே புரியலையே" என்றார் டைரக்டர் அத்தை.

சில்லு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் திரும்பியபோது கண்ணாடிப் பையன் சுவர் ஓரமாக நிற்பதைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரமாகத் துடைத்துக்கொண்டே இருந்தான். கண்ணாடி போடாத அவன் கண்கள் சிவந்திருந்தன.

சில்லுவின் சிரிப்பு நின்றுவிட்டது.

பெஞ்சில் அடுத்ததாக ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது இருக்கலாம். முன்பல் இரண்டும் இல்லை. அவளைவிட அவள் அம்மாவுக்குத்தான் பதற்றம். சுவரில் இருந்த ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது வந்தப்ப நான் மூணாம் கிளாஸ். காய்ச்சல்ல படுத்துக்கிட்டே பாத்தேன். அப்ப இந்தக் காது எவ்ளோ பெருசு!" என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார்.

சில்லு அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் நீட்டினாள். மூக்கைப் பற்றி அவள் கேட்பாள் என்று காத்திருந்தாள். அவள் கேட்கவில்லை.

"அக்கா, குண்டூசி வெளிய வந்துட்டானா?" என்றாள்.

"எங்கேயிருந்து?"

"தண்ணியிலேர்ந்து. குதிச்சான்ல? அப்புறம் 'முற்றும்'னு போட்டுட்டாங்க. வெளிய வந்ததைக் காட்டவே இல்ல."

"கதை முடிஞ்சு போச்சு. அவ்ளோதான்."

ஓட்டைப்பல் பெண் தலையை ஆட்டினாள். "நாமதான் பாக்கறதை நிறுத்திட்டோம். அவன் இன்னும் உள்ளதான் இருக்கான். பாவம், தனியா இருக்கான். புதுக் குரல் கிடைச்சாதான அவனால யாரையாச்சும் கூப்பிட முடியும்?"

ஆற்றின் அடியில் குண்டூசி வாயைத் திறந்து திறந்து மூடுவது போலவும், சத்தமே வராதது போலவும் சில்லுவுக்குத் தோன்றியது. இதுவரை அவள் அப்பாவை நினைத்தாள். தன்னையும் நினைத்தாள். குண்டூசியை நினைக்கவே இல்லை.

அவள் தண்ணீர் ஜாடியைக் கீழே வைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யாரது! பதிவு நடக்குதுல்ல!" சவுண்டு மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் மூக்கைப் பிடித்தபடி திகைத்து நின்றான்.

"யாருக்கும் சளி இல்ல" என்றாள் சில்லு. மூச்சு வாங்கியது. "நான்தான் மூக்கைப் பிடிச்சுக்கச் சொன்னேன். எல்லாரும் தப்பாப் பேசினா அப்பாவையே கூப்பிடுவீங்கன்னு..."

டைரக்டர் அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா நாற்காலியை இழுத்து அவள் முன்னால் போட்டு உட்கார்ந்தார். இப்போதுதான் இருவருடைய கண்களும் ஒரே உயரத்தில் இருந்தன.

"சில்லு, என்னை யாரும் நிறுத்தல. புதுக் குரல் தேடுங்கன்னு சொன்னதே நான்தான்."

"நீங்களா? ஏம்பா?"

"கடைசிக் கதையில குண்டூசி 'வந்துட்டேன்'னு கத்தினானே, அது நல்லா இருந்துதா?"

"அதைக் கேட்டுத்தானே அழுதேன்!"

அப்பா சவுண்டு மாமாவைப் பார்த்தார். "நீயே சொல்லு."

சவுண்டு மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது ஒரே மூச்சுல கத்தினது இல்ல பாப்பா. அப்பாவோட தொண்டை அந்த உயரத்துக்கு ஏறல. குரல் உடைஞ்சு போச்சு. திரும்பத் திரும்ப எடுத்தோம். 'வந்' செவ்வாய்க்கிழமை எடுத்தது. 'துட்' வியாழக்கிழமை. 'டேன்' அடுத்த வாரம். மூணையும் வெட்டி ஒட்டினேன். எங்க ஒட்டினேன்னு எனக்கே இப்ப தெரியாது, அவ்ளோ பிரமாதமா ஒட்டியிருக்கேன்."

"சரி சரி, உன் பெருமை போதும்" என்றார் டைரக்டர் அத்தை.

"ஒரு வார்த்தைன்னா ஒட்டலாம்" என்றார் அப்பா. "முழு சினிமாவையும் ஒட்ட முடியுமா? குண்டூசி வளர்ற பிள்ளை. ஓடணும், கத்தணும், பாட்டுப் பாடணும். என் தொண்டை அவனைப் பிடிச்சு இழுக்குது. அவன் போகட்டும்னுதான் சொன்னேன். உன்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்காக நீ கோபப்பட்டதும், எனக்கு அழுகை வந்துடுமோன்னு வெந்நீர் குடிக்கப் போயிட்டேன்."

சில்லு அவர் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள். "வெளிய இருக்கறவங்களுக்கு இன்னொரு வாய்ப்புக் குடுப்பீங்களா அத்தை?"

"குடுக்கறேன். ஆனா அவங்ககிட்ட நீதான் போய்ச் சொல்லணும்."

போவதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் போனாள். எல்லோருக்கும் நடுவில் நின்று, தான் சொன்னது பொய் என்றாள். மன்னிப்புக் கேட்டாள். ரெட்டைச் சடைப் பெண் முறைத்தாள். இரண்டு அம்மாக்கள் உச்சுக் கொட்டினார்கள்.

கண்ணாடிப் பையன் மட்டும், "நீ சொன்னப்பவே எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துது" என்றான்.

"பின்ன ஏன் மூக்கைப் பிடிச்ச?"

"நீ அவரோட பொண்ணாச்சே. நீ பொய் சொல்லுவேன்னு யார் கண்டா?"

சில்லுவுக்கு அது சுருக்கென்று தைத்தது. "இப்ப நிஜத்தைச் சொல்றேன்" என்றாள். "அப்பா முதல்ல செருப்பைக் கழட்டிடுவார். ரெண்டு கால் கட்டைவிரலும் ஒண்ணை ஒண்ணு பாக்கற மாதிரி நிப்பார். வயித்தை முன்னால தள்ளிக்குவார். முட்டி வரைக்கும் சில்லுன்னு தண்ணி இருக்கறதா நினைச்சுக்குவார். குரலைப் பத்தி யோசிக்கவே மாட்டார். அது தானா வரும்."

நடையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் செருப்பைக் கழற்றினார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். ஒரு பையனின் அப்பாவும் ஞாபகமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு வயிற்றைத் தள்ளினார். அவருக்கு அது சுலபமாகவே வந்தது.

மறுபடியும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். இந்தத் தடவை சில்லுவும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள். ஆனால் டைரக்டர் அத்தையின் முகம் மலரவில்லை.

"எல்லாரும் 'வந்துட்டேன் கிட்டத்தட்ட'ன்னு அண்ணனை மாதிரியே சொல்றாங்க" என்றார். "அச்சு அசலா சொன்னாலும் நகல் நகல்தானே? குண்டூசி எங்க இருக்கான்னே தெரியல."

சில்லு கொஞ்சம் யோசித்தாள். "அத்தை, அவன் இதுவரைக்கும் சொல்லாததைச் சொல்லச் சொன்னா? அதை யாராலயும் காப்பி அடிக்க முடியாதே."

"சொல்லாததுன்னா?"

"குதிச்சதுக்கு அப்புறம் தண்ணிக்குள்ள என்ன சொன்னான்னு நமக்குத் தெரியாதுல்ல? அதைக் கேளுங்க."

டைரக்டர் அத்தை பேனாவைக் கீழே வைத்தார். "இது எனக்குத் தோணலையே!"

அதன் பிறகு அந்த அறை கலகலத்தது. ரெட்டைச் சடைப் பெண், "அம்மா, துண்டு!" என்றாள். ஒரு பையன் எதுவும் பேசாமல் முட்டை முட்டையாக நீர்க்குமிழிச் சத்தம் மட்டும் விட்டான். கண்ணாடிப் பையன் நன்றாக யோசித்துவிட்டு, "அட, இதுக்கா இருபத்தொரு வருஷம் பயந்தேன்?" என்றான். சவுண்டு மாமா நாற்காலியில் இருந்து விழப் பார்த்தார்.

கடைசியாக ஓட்டைப்பல் பெண் வந்தாள். தேய்ந்த இடத்தில் வெறுங்காலோடு நின்றாள். மைக் அவளுக்கு எட்டவில்லை. சவுண்டு மாமா போய் அதைத் தாழ்த்திவிட்டு வந்தார்.

அவள் உடனே பேசவில்லை. சுற்றிலும் பார்த்தாள். மேலே பார்த்தாள். மேலே தண்ணீர் பளபளப்பது அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது போல இருந்தது.

"நல்லா இருக்கு" என்றாள் மெதுவாக. பல் இல்லாத இடத்தில் காற்று 'புஸ்' என்று போனது. "பயமாவும் இருக்கு. யாராச்சும்... யாராச்சும் இருக்கீங்களா?"

அப்பாவின் கை அவரை அறியாமலேயே மேஜைக்குப் போனது. உள்ளே இருப்பவர்களோடு பேசுவதற்கான பொத்தானை அழுத்தியது.

"இருக்கேன்டா" என்றார்.

குண்டூசிக் குரலில் அல்ல. தன் சொந்தக் குரலில். அந்தக் கனத்த குரல் ஸ்பீக்கர் வழியாக உள் அறை முழுவதும் நிறைந்தது. சின்னப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பிறகு அவள் முகம் விரிந்தது.

"நீங்க யாரு? பெரிய மீனா?"

"அதைவிடப் பெருசு."

"முதலையா?"

"சேச்சே. அதெல்லாம் என்கிட்ட வாடகைக்கு இருக்கற ஆளுங்க."

"அப்ப... ஆறா?"

"ஆமா" என்றார். "நான்தான் ஆறு. இருபத்தொரு வருஷமா உன் கால்விரலை மட்டும்தான் பாத்துட்டு இருக்கேன். இப்பதான் வந்தியா?"

ஓட்டைப்பல் பெண் சிரித்துவிட்டாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். அது யாரைப் போலவும் இல்லாத சிரிப்பு. ஆனால் குண்டூசி சிரித்தால் அப்படித்தான் சிரிப்பான் என்று சில்லுவுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அப்பா பொத்தானிலிருந்து கையை எடுத்தார். "மன்னிச்சுக்கோங்க. குழந்தை கேட்டுதேன்னு பதில் சொல்லிட்டேன்."

"மன்னிக்கவா!" டைரக்டர் அத்தை எழுந்தே நின்றுவிட்டார். "என் சினிமாவுல குண்டூசி யார்கூடப் பேசப் போறான்னு தெரியாம ஆறு மாசமா மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன். அண்ணே, உங்களுக்கு ஆறா இருக்கச் சம்மதமா? கீச்சுக் குரல் வேணாம். இதே குரல் போதும்."

"இது என் வீட்டுக் குரல் அம்மா. இதைப் போய் யார் கேப்பாங்க?"

"நான் கேப்பேன்" என்றாள் சில்லு.

"அந்தப் பொண்ணுக்குப் பல் முளைச்சுட்டா குரல் மாறிடுமே?" என்று சவுண்டு மாமா கவலைப்பட்டார். "சரி விடுங்க. முளைக்கறதுக்குள்ள பாதிப் படத்தை முடிச்சுடலாம். மீதியை ஒட்டிக்கலாம்."

"ஒட்டற பேச்சே கூடாது" என்றார்கள் அப்பாவும் டைரக்டர் அத்தையும் ஒன்றாக.

தன் பெண்தான் புதுக் குரல் என்று தெரிந்ததும் ஓட்டைப்பல் பெண்ணின் அம்மா, அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தார், அழுதார், மறுபடியும் சிரித்தார். கண்ணாடிப் பையன் தன் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான். அவன் முகம் இன்னும் தெளிந்துவிடவில்லை. சில்லு அவன் அருகில் போனாள்.

"நீ சொன்னதுக்குத்தான் எல்லாரும் ரொம்பச் சிரிச்சாங்க" என்றாள்.

"தெரியும்" என்றான் அவன். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினான். "நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமா."

அவன் லேசாகச் சிரித்துவிட்டுப் போனான்.

மாலையில் அப்பாவும் சில்லுவும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். வழியில் பாலம். கீழே ஆறு கல்லில் மோதி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போயிற்று.

"கஷ்டமா இருக்காப்பா?"

"கொஞ்சம் இருக்கு. கூடவே இருந்தவன் இல்லையா?" அப்பா பாலத்துச் சுவரில் கையை ஊன்றி நின்றார். "ஆனா இப்ப அதைவிடப் பெரிய கவலை வந்துடுச்சு. ஆறு எப்படிப் பேசும்னு எனக்குத் தெரியாதே."

அவர் சுவருக்கு மேல் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு தொண்டைக்குள் "க்ளக்... களகள... க்ளக்" என்று சொல்லிப் பார்த்தார். மீசை ஆடியது. பாலத்தில் போனவர்கள் இந்தப் பெரிய மனிதருக்கு என்ன ஆயிற்று என்று நின்று பார்த்தார்கள்.

சில்லு அவர்களுக்குக் கையசைத்தாள். அப்புறம் அப்பாவுக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டு, அவரைவிடக் கொஞ்சம் சத்தமாகவே, "க்ளக்" என்றாள்.